நாள் தள்ளிப்போகும் முன்னே...

கல்யாணமான மறுமாதமே ‘என்ன, விசேஷம் உண்டா?’ என்று விசாரிக்கிறது ஊர். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதை யாரிடம் போய்க் கேட்பது? தர்மபுரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் என எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் கூட்டம் குறையும் நேரம் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வேன்கள் போன பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு. அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வருவார்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் மடித்த ஐம்பது ரூபாய். கடையில் ஆண்கள் யாராவது நின்றால், தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு எதிர்க்கடையில் தக்காளி விலை விசாரிப்பார்கள். ஆள் நகர்ந்ததும் திரும்பி வந்து, குரலை இறக்கி, “கிட் ஒண்ணு குடுங்கண்ணா” என்பார்கள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் செய்தித்தாளில் சுற்றித் தருவார். சில்லறை வாங்கும்போதுதான் உண்மையான கேள்வி வரும். “மாசா மாசம் ஒரே கோடுதாண்ணா வருது. வேற ஏதாச்சும் மாத்திரை இருக்கா?”

டாக்டரிடமோ நர்ஸிடமோ போயிருக்க வேண்டிய கேள்வி. மருந்துக்கடை மேஜையில் விழுகிறது. அங்கே பதில் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது செல்போன். எழுதத் தெரியாவிட்டாலும் மைக் பொத்தானை அழுத்திச் சொன்னால் போதும். மலைவேம்புச் சாற்றிலிருந்து ‘கருப்பை சுத்தம்’ டானிக் வரை வரிசையாக வந்து நிற்கும். ஓரகத்தி ஒன்று சொல்வாள், அம்மா வீட்டில் வேறொன்று சொல்வார்கள். மாமியார், “எங்க காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா” என்பார்.

நம் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே தகவல் தேடத் தொடங்கிவிட்டார்கள். நம் சுகாதாரத் துறையோ, நாள் தள்ளிப்போன பிறகுதான் அவர்களோடு பேசத் தொடங்குகிறது. இந்த இடைவெளிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரை.

பெயர் பதிவேட்டில் இருக்கிறது, பேச்சுதான் இல்லை

கிராம சுகாதார செவிலியருக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஊரில் கல்யாணம் ஆனதுமே ‘தகுதியுள்ள தம்பதியர்’ பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். ஆனால், அந்தப் பதிவேடு பிறந்ததே குடும்பக் கட்டுப்பாட்டுக்காக. எத்தனை குழந்தை, என்ன கருத்தடை முறை என்பதுதான் அதன் கவலை. ‘எப்போது பெற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? அதற்கு உடம்பு தயாரா?’ என்று கேட்க அதில் கட்டமே இல்லை.

கர்ப்பம் உறுதியானதும் காட்சி மாறும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி எண் கிடைக்கும். 12 வாரத்துக்குள் பதிந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு வழி பிறக்கும். பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய். ரத்தம், சர்க்கரை, ஸ்கேன், ஊசி என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007-லேயே உத்தரவு போட்ட மாநிலம் இது. தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். இதில் நாம் நிஜமாகவே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் நாட்கணக்கில் இருக்கிறது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருவுற்ற 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போய், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, கிட் வாங்கி, ‘இன்னும் கொஞ்ச நாள் வெளியே சொல்ல வேண்டாம்’ என்று மாமியார் தடுத்து, பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்த 28 நாள் முடிந்திருக்கும். அங்கே தரும் ஃபோலிக் அமில மாத்திரை நல்லதுதான். எந்தக் குறையைத் தடுக்க அதை முக்கியமாகத் தர வேண்டுமோ, அதற்கு மட்டும் நேரம் கடந்துவிட்டது.

இது புதிய அறிவும் இல்லை. முந்தைய பிரசவத்தில் நரம்புக்குழாய்க் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களை வைத்து பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 1991-ல் வெளியானது. கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் அந்தக் குறை 72 சதவிகிதம் தடுக்கப்பட்டிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சில ரூபாய் மாத்திரை. சரியான மாதத்தில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

--- பெட்டிச் செய்தி ---
தர்மபுரி: சில விவரங்கள்

சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ல் தனி மாவட்டம் ஆனது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54%. மாநிலத்திலேயே கடைசி இடம்.

ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள்: 2001-ல் 826, 2011-ல் 913.

அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இயங்குகிறது.
---

ரத்தத்தில் பாதி, தண்ணீரில் மீதி

2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது மாநிலத்தையே உலுக்கியது. எடைக்குறைவு, குறைப்பிரசவம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. டாக்டர்கள், இன்குபேட்டர்கள், படுக்கைகள் பற்றி நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால், ஒன்றே முக்கால் கிலோவில் பிறக்கும் குழந்தையின் கதை பிரசவ வார்டில் தொடங்குவதில்லை. தாய் எத்தனை கிலோ எடையோடு, எவ்வளவு ரத்தத்தோடு கர்ப்பத்துக்குள் நுழைந்தாள் என்பதில் அதன் பெரும்பங்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை நான்காவது மாதத்திலிருந்துதான் தொடங்குவார்கள். பூச்சி மாத்திரையும் முதல் மூன்று மாதம் தர மாட்டார்கள். ஹீமோகுளோபின் எட்டில் இருக்கும் பெண் கர்ப்பமாகிவிட்டால், அவளும் குழந்தையும் ஒரே கிண்ணத்தில் பங்கு போட வேண்டும். கல்யாணமானதும் பரிசோதித்து மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருந்தால் நிலைமையே வேறு. 2018-ல் வந்த ‘ரத்தசோகை இல்லாத இந்தியா’ திட்டத்தில், 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும் என்பது எத்தனை மருமகள்களுக்குத் தெரியும்?

தர்மபுரிக்கு இன்னொரு பிரச்னையும் உண்டு. போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு. காவி படிந்த பல்லும் வளைந்த காலும் நம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. குடலைப் பாதித்து இரும்புச்சத்து உடலில் சேர விடாமல் தடுப்பது தெரியாத பகுதி. டெல்லியில் டாக்டர் ஏ.கே.சுசீலா குழுவினர் ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஃப்ளோரைடு உடலுக்குள் போவதை நிறுத்தி, சத்தான உணவும் கொடுத்தபோது ஹீமோகுளோபின் ஏறியது. பிறந்த குழந்தைகளின் எடையும் கூடியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 2013-ல் திறக்கப்பட்டது இந்த ஃப்ளோரைடுக்காகத்தான். குழாயில் காவிரி வராத நாட்களில் மறுபடியும் போர்வெல்லுக்குப் போகும் வீடுகளில், ‘எந்தத் தண்ணி குடிக்கிறே?’ என்பதும் மருத்துவக் கேள்விதான். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இந்த ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேழ்வரகுக் களியும் கீரையும் இங்கே அன்றாடம். ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முன்னோட்டத் திட்டத்தை 2023-ல் நீலகிரியோடு தர்மபுரியில்தான் தொடங்கினார்கள். களி சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். டீ, இரும்புச்சத்தை உடலில் சேர விடாது.

மெசேஜில் வந்த பயம்

2017 பிப்ரவரி. தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் ஊசி. அதே வேகத்தில் வாட்ஸ்அப்பில் வதந்தியும் கிளம்பியது. எத்தனையோ பெற்றோர்கள் ‘எம் புள்ளைக்கு வேணாம்’ என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், ஊசி போடும் நாளில் பள்ளிக்கு லீவு போட வைத்தார்கள்.

அன்று ஒன்பதாவது, பத்தாவது படித்த பெண்களுக்கு இன்று கல்யாண வயது. ஊசி போடாமல் விட்டவர்களும், அப்போதே 15 வயதைத் தாண்டியவர்களும் ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லாமலே கர்ப்பமாகலாம். பெரியவர்களுக்கு ரூபெல்லா என்பது இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு. முதல் மூன்று மாதக் கருவுக்கோ கண், காது, இதயம் மூன்றும் போகலாம். கர்ப்பமான பின் இந்த ஊசி போடவும் கூடாது. முன்பே போட்டுவிட்டு ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். அன்றைய ஒரு மெசேஜ் அடுத்த தலைமுறையின் காதைப் பறிக்கக்கூடும் என்று அதை ஃபார்வர்டு செய்தவர்களுக்கு யார் சொல்வது?

பெங்களூரு பஸ்ஸில் வரும் கணவர்

“ஒரு வருஷம் ஆச்சு, ஒண்ணும் தங்கலை.” இந்த வாக்கியத்தை நம்பித்தான் ஒரு பெரிய தொழிலே நடக்கிறது. பஸ்களின் முதுகிலும் சுவர்களிலும் கருத்தரிப்பு மைய விளம்பரங்கள். கல்யாண மண்டபங்களில் இலவச முகாம். தவணையில் கட்டலாம் என்ற ஆறுதல் வேறு.

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால்தான் பரிசோதனை என்பது மருத்துவக் கணக்கு. பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதம். தர்மபுரியில் இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கே எத்தனையோ ஆண்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறார்கள். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு ஊருக்கு வருகிறார்கள், சிலர் பண்டிகைக்குத்தான். ஒரு மாதச் சுழற்சியில் கரு உருவாக வாய்ப்புள்ள நாட்கள் ஏறக்குறைய ஆறு: கருமுட்டை வெளிவரும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். அவர் வந்த இரண்டு நாள் அந்த ஆறு நாட்களில் விழவில்லை என்றால், அந்த மாதம் கணக்கிலேயே சேராது. காலண்டரில் ஒரு வருடம் ஓடியிருக்கும். உடம்பின் கணக்கில் இரண்டு, மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். இதை உட்கார்ந்து கேட்க டாக்டருக்கு ஐந்து நிமிடம் போதும். கேட்காவிட்டால் ஸ்கேன், ஹார்மோன் ஊசி, நகை அடகு என்று அந்தப் பெண்ணின் கதை வேறு பக்கம் போய்விடும். ஊரில் ‘மலடி’ பட்டம் அதற்கு முன்பே தயாராக இருக்கும்.

பரிசோதனை என்று வந்தால் முதலில் போக வேண்டியவர் யார்? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்குச் செலவு குறைவு, வலி கிடையாது, ஒரே நாளில் முடிவு தெரியும். இருந்தும் பல வீடுகளில் பெண்ணை நாலு ஆஸ்பத்திரிக்கு அலைய விட்ட பிறகே அவர் லேப் வாசலை மிதிக்கிறார். விந்தணு உருவாகி முதிர இரண்டரை, மூன்று மாதம் ஆகும் என்பதால், பீடியையும் குவார்ட்டரையும் அவர் விட வேண்டியதும் முன்கூட்டியேதான். எந்த மருத்துவ மையத்துக்குப் போனாலும், 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவுபெற்றதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மலைவேம்புச் சாறு? மாதவிலக்கான மூன்றாம் நாள் குடித்தால் கரு தங்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அதை நிரூபிக்கும் உறுதியான சோதனைகள் இல்லை. தைராய்டும் சர்க்கரையும் பார்க்காமல் ஆறு மாதம் சாற்றை மட்டும் குடித்துக் காத்திருப்பது, வயதையும் காலத்தையும் தின்றுவிடும்.

--- பெட்டிச் செய்தி ---
குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததும்...

தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது. முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்திருந்தால் அளவு பல மடங்கு கூடும். டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கிறதா? சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் பார்த்தாயிற்றா? ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால், மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 6.5-க்குக் கீழே வந்த பிறகு முயல்வது குழந்தையின் இதயத்துக்கு நல்லது.

வலிப்பு, ரத்த அழுத்தம், பருவுக்கான மாத்திரைகளில் சில, கருவைப் பாதிக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ‘குழந்தைக்கு முயல்கிறோம்’ என்று சொல்லி மாற்றி வாங்குங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் என்றால், தலசீமியா, சிக்கிள்செல் ரத்தப் பரிசோதனை இருவருக்கும். தமிழ்நாட்டில் 28% திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு.

சந்தேகம் கேட்க: 104. கட்டணம் இல்லை.
---

‘என்ன குழந்தை’ என்ற தேடல்

இந்த மாவட்டத்தில் கர்ப்பம் குறித்த தகவல் என்றாலே ஒரு பழைய நிழலும் கூட வரும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. கள்ளிப்பால் காலம் போனது. கையில் தூக்கிவரும் ஸ்கேன் கருவியின் காலம் வந்தது. வீட்டுக்குள்ளேயே கருவியை வைத்துப் பாலினம் சொல்லிய கும்பல்கள் சமீப வருடங்களில் இங்கே பலமுறை பிடிபட்டிருக்கின்றன. முதல் இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில், மூன்றாவதுக்கு முன் ஒரு தாய் தேடும் தகவல் எதுவாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேடலுக்கு முதலில் பதில் சொல்பவர் புரோக்கர்.

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பத்தில் எண்பதுகளில் பெண் சிசுக்கொலையை ஆராய்ந்தவர் சாபு மேத்யூ ஜார்ஜ். பின்னாளில் இணையத் தேடுபொறிகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனதும் அவரே. பாலினத் தேர்வு விளம்பரங்களைத் தானாகவே தடுக்க வேண்டும் என்று கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்கு 2016-ல் நீதிமன்றம் சொன்னது. ஆனால், ‘ஆண் வாரிசு உறுதி’ மருந்துப் பொட்டலத்துக்கு விளம்பரமே தேவையில்லை. வாய்வழியாகவே வீடு வந்து சேர்ந்துவிடும். ஹரியானாவில் இப்படிக் கருவின் ஆரம்ப வாரங்களில் தரும் நாட்டு மருந்துகளை ஆராய்ந்தவர்கள், பிறவிக் குறைகளோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். பாலினத்தைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணு. கரு உருவான நொடியில் அது முடிந்துபோன விஷயம்; அதற்குப் பின் கொடுக்கும் எந்தப் பொட்டலமும் அதை மாற்றாது.

வெளியே பேச முடியாத இன்னொரு கூட்டமும் உண்டு. 18 வயது நிறையும் முன் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் வயதைக் கேட்பார்கள், வழக்கு வரும் என்று வீடு அவர்களை ஒளித்து வைக்கிறது. சட்டம் அவசியம்தான். ஆனால் தகவல் யாருக்கு அதிகம் தேவையோ, அவள்தான் எல்லோரையும்விடத் தள்ளி நிற்கிறாள்.

சித்தேரி மலைக்குக் கீழே ஒரு விடை

அரூர் வட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடித் தாண்டாக்களும் உள்ள பகுதி. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி அங்கே வந்து ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் என்றால் சேலத்துக்குத்தான் போக வேண்டும். இன்று ‘பழங்குடியினர் சுகாதார முனைப்பு’ என்ற அவர்களது அமைப்பின் மருத்துவமனை அங்கே நிற்கிறது. சிசு மரணம் ஆயிரத்துக்கு இருபது என்ற அளவுக்கு இறங்கியது.

ஆஸ்பத்திரி கட்டியதால் மட்டும் அது நடக்கவில்லை. ஊருக்கு ஒரு திருமணமான பெண்ணை ஊராரே தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். அதிகம் படித்தவர்கள் இல்லை. ஆனால் எந்த வீட்டில் யார் புது மருமகள், யார் மூன்று மாதமாகக் களைப்பாக இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்கும் பெண்ணும் குரலை இறக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பதுதானே. யூட்யூபால் தர முடியாதது இதுதான்: திருப்பிக் கேள்வி கேட்கும் ஆள். ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை வருது? அவர் எப்ப ஊருக்கு வருவார்? என்ன மாத்திரை சாப்பிடறே?’

கருவுறும் முன்பே கவனிப்பைத் தொடங்கினால் பலன் உண்டா என்று டெல்லியில் 18 முதல் 30 வயது வரையிலான 13,500 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. கருவுறும் முன்பிருந்து குழந்தைக்கு இரண்டு வயது வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழுவில், வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தார்கள்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. கர்ப்பமாக நினைக்கும் பெண்ணுக்குக் கிழமை இல்லை. புதிதாக ஒரு கிழமையை ஒதுக்கினாலும், அவள் தனியாக அந்த வாசலுக்கு வருவாளா என்பது சந்தேகம். வந்தால் ஊர் பேசும். எனவே பேச்சை எங்கே தொடங்குவது என்பதுதான் முக்கியம்.

அதற்கும் இந்த மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியது தர்மபுரியில்தான். அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் புது மருமகள்கள் இல்லை, அவர்களுடைய மாமியார்கள். ‘இன்னும் கொஞ்ச நாள் யார்கிட்டயும் சொல்ல வேணாம்’ என்று தடுப்பவரும், மலைவேம்பு பறித்து வருபவரும், மகனை லேப்புக்கு அனுப்ப வேண்டியவரும் அவர்தான். கடன் தவணை வசூலித்து முடித்த கையோடு, நர்ஸம்மா அந்த ஃபோலிக் அமில அட்டையை முதலில் மாமியார் கையில் கொடுத்து, எந்த மாதத்தில் இருந்து என்பதையும் சொல்லிவிடலாம்.